அண்ணாவுக்குப் போட்ட அம்மை

எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்ட கதையை முப்பது வருஷமாகக் கல்யாண வீடுகளில் சொல்லிவந்தேன். நல்ல கதை. உடம்பெல்லாம் கொப்புளம். அரிப்பு தாங்காமல் நான் கூடத்துத் தூணில் முதுகைத் தேய்ப்பேன். அம்மா என் இரண்டு கைகளிலும் அப்பாவின் காலுறையை மாட்டிக் கட்டிவிடுவாள். அந்தக் கைகளோடு நான் முறுக்கு டப்பாவைத் திறக்கப் பார்ப்பேன். தேய்க்கிற இடம் வரும்போது நாற்காலியின் முதுகில் நானே தேய்த்துக் காட்டுவேன். பந்தியில் இருப்பவர்களுக்கு ரசம் புரையேறும். கடைசியில் வலது புருவத்துக்கு மேலே இருக்கும் தழும்பைத் தொட்டு, "இதோ, அதோட ரசீது" என்று முடிப்பேன்.

கதையில் வருவதெல்லாம் நடந்ததுதான். எனக்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

அது எப்படித் தெரியவந்தது, தெரியவந்த அன்று என் தங்கை பெண்ணும் அவள் வயிற்றிலிருந்த குழந்தையும் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்பதை எழுதப் போகிறேன். மலையாள நாட்டு வலியசாலையில் எங்கள் தெருவில் இதை வீட்டுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். என்னைப் பற்றிய கதையை மற்றவர்கள் சொல்லி நான் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை. தவிர, சின்னம்மை குழந்தைகளுக்கு வருகிற விளையாட்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும்தான்.

எங்கள் தெருவில் ஒரு ஏற்பாடு உண்டு. ஒருவருக்கு அம்மை கண்டால், ஏற்கெனவே அம்மை போட்டவர் மட்டும்தான் அந்த வீட்டுப் படியேறலாம். சாப்பாடு கொண்டுபோவது, துணி எடுப்பது, வேப்பிலை மாற்றுவது எல்லாம் 'போட்டவா' பொறுப்பு. யாருக்கு எப்போது போட்டது என்று எந்த நோட்டிலும் கிடையாது, ஞாபகம்தான் கணக்கு. பின்னால் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் நல்ல ஏற்பாடு என்றே சொன்னார். ஒருமுறை வந்தவர் உடம்பில் அந்த வைரஸை அடையாளம் கண்டு அடிக்கிற எதிர்ப்புப் பொருள் தங்கிவிடுகிறது. பெரும்பாலும் மறுபடி வராது. வைரஸ் என்ற பேரே தெரியாத காலத்து ஆட்கள் போட்ட விதி, சரியான விதி. அதற்குள் என்னைப் போல ஒருவன் புகுவான் என்பது மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

சென்ற கோடையில் கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் ராமுவுக்கு அம்மை கண்டது. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், தெருக்கோடியில் தனியாக அறை எடுத்து இருக்கிறான். யார் சாப்பாடு கொண்டுபோவது என்று பேச்சு வந்ததும் தெரு சங்கத்துச் செயலாளர் என்னைக் கைகாட்டினார்.

"மணிக்குப் போட்டாச்சே. தூண்ல தேச்ச ஆளாச்சே. பின்னே என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எட்டு நாள் என் மனைவி லலிதா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை எடுத்துப்போனேன். வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். பையன் தனியாகக் கிடக்கிறானே என்று உள்ளே போய் உட்கார்ந்து என் அம்மைக் கதையையும் சொன்னேன். அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம். ஜன்னலை வேறு சாத்தி வைத்திருந்தான். சின்னம்மை கொப்புளத்தைத் தொட்டால் மட்டும் ஒட்டுவதில்லை, மூச்சுக்காற்றிலேயே வருகிறது என்பதை அப்போது யாராவது சொல்லியிருந்தாலும், எனக்கென்ன, எனக்குத்தான் போட்டாச்சே என்றிருப்பேன்.

இரண்டு வாரம் கழித்து வித்யாவின் சீமந்தம். வித்யா என் தங்கை சாரதாவின் பெண். எட்டாம் மாதம், முதல் பிரசவம், அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு. அன்று காலையே எனக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. முந்தின நாள் பழவங்காடிக்கும் சாலைக் கடைத்தெருவுக்கும் பூவும் பழமும் வாங்க அலைந்த அலைச்சல் என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனேன். சடங்கு முடிந்ததும் வித்யாவின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கை நிறைய வளையல்களோடு, "மாமா, போறும், சிரிச்சா மூச்சு முட்டறது" என்றாள். நான் நிறுத்தவில்லை.

மறுநாள் மார்பில் நாலைந்து சிவப்புப் புள்ளி.

லலிதா பார்த்துவிட்டு, "இது அம்மை மாதிரின்னா இருக்கு" என்றாள்.

"எனக்கு எப்படி வரும்? சக்கைப் பிரதமன் ஒத்துக்கலை."

"மூணு கப் குடிச்சா யாருக்கும் ஒத்துக்காது. ஆனா புள்ளி வராது."

இரண்டு நாள் சீமந்தத்தில் குடித்த அந்தப் பலாப்பழப் பாயசத்தின் மேல் பழிபோட்டுக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாள் புள்ளிகளில் நீர் கோத்து, முகம், முதுகு, தலைமயிருக்குள் என்று பரவிவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. லலிதா என்னிடம் ஒன்றும் கேட்காமல் ஆட்டோ கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் ஹாலில் நாற்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்தேன். என் வலப்பக்கத்தில் இருந்த அம்மாள் என் கழுத்தைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். இடப்பக்கத்துக்காரர் எழுந்தார். எனக்கு முன்வரிசையும் காலியாயிற்று. பந்தி பந்தியாகக் கதை சொல்லிப் பழகிய எனக்கு, சபை இவ்வளவு வேகமாகக் கலைந்தது அதுதான் முதல் தடவை. ஒரு நர்ஸ் ஓடிவந்து முகக்கவசத்தை நீட்டி, "சேட்டா, எணீற்று வரூ, இவிடெ இரிக்கண்டா" என்று மலையாளத்தில் எழுந்துவரச் சொல்லி, பக்கவாட்டு அறைக்குக் கூட்டிப்போனாள். போகும்போதே திட்டினாள். இப்படிப் புள்ளி இருந்தால் முதலில் போன் பண்ண வேண்டும், தனி வழியாக வர வேண்டும், ஹாலில் புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் கைக்குழந்தைகளும் இருப்பார்கள் என்றாள். அவள் சொன்னதில் ஒன்றைக்கூட என்னால் வேடிக்கையாக்க முடியவில்லை.

டாக்டர் அம்மாள் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். சிக்கன் பாக்ஸ். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் மாவு தூவின மாதிரி வெள்ளை வெள்ளையாக இருந்தது. குழந்தைகளுக்குத் தோலோடு போய்விடுகிற வைரஸ், பெரியவர்களுக்குச் சில சமயம் நுரையீரலுக்குள் இறங்கிவிடுமாம். புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம்.

"சார் ஸ்மோக் செய்யுமோ?"

"இல்லை" என்றேன். லலிதா என்னைப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ரெண்டு" என்றேன். இன்னும் பார்த்தாள். "ஆறு."

"இது முன்னே வந்நிட்டுண்டோ?"

"உண்டு டாக்டர். ஆறு வயசுல."

"யார் பறஞ்ஞது?"

யார் சொன்னது என்ற அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. நான்தான் சொன்னேன். முப்பது வருஷமாக நான் மட்டும்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து டாக்டர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. கடந்த ஐந்து நாளில் கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள் யாருடனாவது இருந்தேனா? புள்ளி வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே இந்த நோய் பரவும். ஒரே அறையில் கால்மணி நேரம் போதும்.

லலிதா கையால் வாயை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன்: "என் தங்கை பெண். எட்டு மாசம். ஒரு மணி நேரம்."

என்னைத் தனி அறையில் போட்டார்கள். கையில் ஊசி குத்தி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைரஸ் எதிர்ப்பு மருந்து. மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கதவில் உள்ளே வரக் கூடாது என்று அச்சடித்த தாள். அதைப் பார்த்தும் ஆட்கள் எட்டிப்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். லலிதா தாளுக்கு மேலே ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். அப்புறம் ஒருவரும் அண்டவில்லை. நர்ஸ் அதை எடுக்கவில்லை, அடுத்த நாள் அவளே புதுக் கொத்து கேட்டாள்.

மதியம் பூனாவிலிருந்து அண்ணா பாலு போன் பண்ணினான். லலிதா தகவல் சொல்லியிருந்தாள்.

"ரெண்டாம் தரம் வருமாடா இது?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"முதல் தரம் எப்ப வந்தது உனக்கு?"

"சின்னதுல. தூண், காலுறை..."

"டேய் மணி, அது நான். எனக்கு வந்ததும் அப்பா உன்னை நாகர்கோவில்ல அத்தை ஆத்துக்குக் கொண்டு விட்டார். ஒரு மாசம் நீ அங்கே இருந்தே. திரும்பி வந்து, எனக்கு மட்டும் காலுறை கட்டலைன்னு அழுதே."

"அப்போ என் தழும்பு?"

"சைக்கிள். ஆரியசாலையில அரிசி மூட்டை வண்டிமேல போய் முட்டினே."

பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, சொல்லவில்லை என்று சத்தியம் பண்ணவும் முடியவில்லை. முதல் முதலில் அண்ணாவுக்கு வந்ததாகத்தான் சொல்லியிருப்பேன். 'அண்ணா தேய்த்தான்' என்றால் ஐந்து பேர் சிரிப்பார்கள். 'நான் தேய்த்தேன்' என்றால் பந்தியே சிரிக்கும். அண்ணா வடக்கே போய்விட்டான், அப்பா அம்மா போய்விட்டார்கள், சாரதா அப்போது பிறக்கவே இல்லை. திருத்த ஆள் இல்லாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் காலுறைக்குள் விரல் வியர்த்ததுகூட எனக்கு ஞாபகம் இருந்தது.

மூச்சுக்குத் திணறியதைவிட அந்தப் பிற்பகலில் என்னை அழுத்தியது வேறொன்று. வித்யாவுக்குக் கல்யாணமான புதிதில் அவளுடைய டாக்டர், குழந்தைக்கு முயற்சி பண்ணுவதற்கு முன் சின்னம்மைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார். அவள் பிறந்த காலத்தில் அரசாங்கம் இலவசமாகப் போட்ட ஊசிகளில் அது இல்லை. காசு கொடுத்துப் போட்டவர்கள் குறைவு. இரண்டு தவணை, நடுவில் நாலு வாரமாவது இடைவெளி, அதற்கப்புறமும் ஒரு மாதம் பொறுத்துத்தான் கர்ப்பம். அது பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் என்பதால் கர்ப்பிணிக்குப் போடக் கூடாது. அதனால் முன்கூட்டியே. அவள் என்னிடம் வந்து, "போட்டுக்கணுமா மாமா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்குப் போட்டதே நம்ம குடும்பத்துக்கெல்லாம் சேர்த்துத்தான். குரூப் இன்ஷூரன்ஸ்." அவள் சிரித்தாள். அப்புறம் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் சாரதா போன் பண்ணினாள். வித்யாவின் ரத்தத்தை எடுத்திருக்கிறார்கள், எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க.

"அவளுக்குச் சின்னதுல ஒரு தரம் புள்ளி வந்துது அண்ணா. நிச்சயமா அம்மைதான்."

"யாரு சொன்னா?"

"எனக்கு ஞாபகமிருக்கு."

"சாரதா, நம்ம ஆத்து ஞாபகத்தை நம்பாதே. ரத்தம் என்ன சொல்றதுன்னு பாரு" என்றேன். அதற்குமேல் பேசினால் இருமல் வந்தது.

அன்று சாயங்காலம் முடிவு வந்தது. எதிர்ப்புப் பொருள் இல்லை.

எங்கள் டாக்டர் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னார். இந்தக் கட்டத்தில் தடுப்பூசி கிடையாது. அதற்குப் பதில், நோய் வந்து போனவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் பொருளையே ஊசியாகப் போடலாம். தடுப்பூசி நம் உடம்புக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கிறது. இது பக்கத்து வீட்டில் சமைத்ததை வாங்கிச் சாப்பிடுவது. ஒரு வேளைக்குத்தான் வரும், ஆனால் பசி நேரத்தில் கைகொடுக்கும். தொற்றின நாளிலிருந்து பத்து நாளுக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நான் பலாப்பழத்தைக் குற்றம் சொல்லிப் படுத்திருந்த இரண்டு நாளும் அந்தப் பத்தில் சேர்த்தி.

ஊரில் மருந்து இருப்பு இல்லை. வித்யாவின் கணவன் ஹரி கொச்சிக்குப் போய் ஐஸ் பெட்டியில் வாங்கிவந்தான். ஆறாம் நாள் ஊசி போட்டார்கள். அதைப் போட்டாலும் நோய் வராது என்று உறுதி இல்லை. வந்தால் வேகம் குறைவாக இருக்கும். வருமா வராதா என்று தெரிய இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும்.

"அவளுக்குத் தேதி எப்போ?" என்று டாக்டர் கேட்டார்.

கணக்குப் போட்டால் இருபத்தெட்டாம் நாளுக்கும் பிரசவத் தேதிக்கும் நடுவில் இரண்டே வாரம். அதில் என்ன விஷயம் என்று கேட்டேன். டாக்டர் சற்றுத் தயங்கித்தான் சொன்னார். அம்மாவுக்குப் புள்ளி வந்த ஒரு வாரத்துக்குள் குழந்தை பிறந்தால், வைரஸ் குழந்தைக்குப் போயிருக்கும், எதிர்ப்புப் பொருள் போயிருக்காது. அம்மா உடம்பு அதைத் தயாரித்துக் குழந்தைக்கு அனுப்ப ஏழு நாளாவது வேண்டும். அதற்கு முன் பிறக்கிற குழந்தைக்குக் கடுமையாக வரும்.

எத்தனை கடுமை என்று நான் கேட்கவில்லை.

ஒன்பது நாள் அந்த அறையில் இருந்தேன். மூன்றாம் நாள் ஆக்ஸிஜன் அளவை ஏற்றினார்கள், ஆறாம் நாள் இறக்கினார்கள். இருமினால் விலா எலும்பு பிய்த்துக்கொண்டு போவது போல வலிக்கும். லலிதாவுக்குப் போட்டதா என்று அவளுக்கே தெரியாது. ரத்தத்தில் பார்த்தார்கள், இல்லை. தொற்றியிருக்கக்கூடியவர்களுக்கும் ஐந்து நாளுக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு என்பதால் உடனே முதல் தவணை போட்டார்கள். என் அறைக்குள் அவளை விடவில்லை. கதவுக் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் நான் குறுக்கே பேசாமல் அவள் பேசி முடித்தது அந்த ஒன்பது நாளில்தான். எனக்கு மூச்சு இல்லை. தினமும் பூண்டு ரசம் பிளாஸ்கில் வரும், நர்ஸ் உள்ளே கொண்டுவந்து வைப்பாள். பில்லைப் பற்றி எழுத மாட்டேன். படித்தால் திரும்ப ஆக்ஸிஜன் வைக்க வேண்டியிருக்கும்.

கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கான பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். பொருக்கு கட்டிவிட்டால் பரவாது. சாரதா வீட்டுப் பக்கம் போகவில்லை. பரவாது என்று தெரிந்தும் கால் போகவில்லை.

சீமந்தத்திலிருந்து பத்தொன்பதாம் நாள் மத்தியானம் சாரதா போன் பண்ணினாள். "அண்ணா, வயித்துல ரெண்டு புள்ளி" என்றாள்.

அவர்கள் என்னைப் போல ஹாலில் போய் உட்காரவில்லை. டாக்டருக்குப் போன் பண்ணி, பின்வாசல் வழியாகப் போனார்கள். வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை அன்றே ஆரம்பித்தார்கள். மொத்தம் பதினான்கு புள்ளி. கடன் வாங்கின எதிர்ப்புப் பொருள் அவ்வளவுக்கு வேலை பார்த்திருந்தது. நுரையீரல் சுத்தம். ஆனால் ஏழு நாள் பாக்கி இருந்தது. குழந்தை ஏழு நாள் உள்ளே இருந்தால் போதும்.

மூன்றாம் நாள் வித்யாவுக்கு இடுப்பு வலி வந்தது. இரண்டு மணி நேரத்தில் அது தானாக அடங்கியது. அன்று நான் பொறுக்க முடியாமல் அவளுக்குப் போன் பண்ணினேன்.

"வித்யா, அந்த ஊசியைப் பத்தி அன்னிக்கு நான் சொன்னது..."

"மாமா, நீங்க சொன்னதுக்காக நான் விடலை. எனக்கு ஊசின்னா பயம். நீங்க சொன்னது சௌகரியமா இருந்தது."

"ஆனாலும் நான்..."

"ஆனாலும் நீங்க சொல்லியிருக்க வேண்டாம்" என்றாள். பிறகு, "வெச்சுடறேன், படுத்துக்கணும்" என்றாள்.

நாலாம் நாள், ஐந்தாம் நாள். நான் வேலை பார்க்கும் கல்லூரி ஆபீஸில் என் மேஜையில் ஃபைல் கிடந்தது, ஒன்றையும் திறக்கவில்லை. ஏழாம் நாள் போய் எட்டு வந்தபோது லலிதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, எனக்குக் காபி கொடுத்தாள். பதினொன்றாம் நாள் காலையில் பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ. குழந்தைகள் டாக்டர் உச்சி முதல் கால் வரை பார்த்தார், மேலும் சில நாள் கவனித்தார். ஒரு புள்ளி இல்லை.

இருபது நாள் கழித்து வித்யா என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். நான் குளித்து, துவைத்த வேட்டி கட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனேன். வித்யா உள்ளறைக் கட்டிலில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். கன்னத்தில் ஒரு சின்ன வடு. நான் நிலைப்படியைத் தாண்டப் போனேன்.

"மாமா, ஒரு நிமிஷம். ஃப்ளூ ஊசி போட்டுண்டாச்சா?"

குழந்தையைத் தூக்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் ஆகும்வரை குழந்தைக்கு அதைப் போட முடியாது. சாரதா என்னிடம் இதைப் போன வாரமே சொல்லியிருந்தாள். ஆச்சு என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கை, நர்ஸ் என்ன சொன்னாள், நான் என்ன சொல்லி அவளைச் சிரிக்கவைத்தேன் என்பது வரைக்கும் தயாராக வந்துவிட்டது.

"இல்லை" என்றேன்.

வித்யா குழந்தையின் துணியைச் சரிசெய்தாள்.

"அப்போ அங்கேயே நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குழந்தையின் முகத்தை என் பக்கம் திருப்பினாள். "போட்டுண்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்கோ. வரும்போது ஊசி போட்ட சீட்டைக் கொண்டு வாங்கோ."

குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வெளியே நின்றே பார்த்தேன்.